பாதி நாள் ஆட்டக்காரர்: பேஸ்பாலின் பிளட்டூன் முறை

அமெரிக்க பேஸ்பாலில் ஒரே இடத்துக்கு இரண்டு ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, எதிரணியின் பிட்சர் எந்தக் கைக்காரர் என்று பார்த்து அன்றைக்கு ஒருவரை இறக்குவதே பிளட்டூன் முறை. வலக்கை பிட்சர் வந்தால் இடக்கை பேட்டர் ஆடுவார். இடக்கை பிட்சர் வந்தால் வலக்கை பேட்டர். தன் கைப்பக்கத்து பிட்சர் வீசும் ஸ்லைடர் பேட்டரை விட்டு விலகி ஓடும். மறுகைக்காரர் வீசுவதோ அவரை நோக்கி உள்ளே வரும். பந்து கையிலிருந்து புறப்படுவதும் நன்றாகக் கண்ணில் படும். இடக்கை பேட்டர் களமிறங்கியதும் கிரிக்கெட் கேப்டன் ஆஃப் ஸ்பின்னரை அழைப்பதும் இதே கணக்குதான்.

இம்முறைக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது 1914ஆம் ஆண்டின் பாஸ்டன் பிரேவ்ஸ் அணி. மேலாளர் ஜார்ஜ் ஸ்டாலிங்ஸ் அவுட்ஃபீல்டர்களைப் பிட்சரின் கைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருந்தார். ஜூலை நடுவில் கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி, பிலடெல்பியா அத்லெட்டிக்ஸை 4-0 என வீழ்த்தி வேர்ல்ட் சீரிஸை வென்றது. ஆனால் ஒருவருடைய வாழ்க்கையில் இம்முறை என்ன செய்யும் என்பதைப் பார்க்க கேசி ஸ்டெங்கலே தக்க சான்று. நியூயார்க் ஜயன்ட்ஸில் மேலாளர் ஜான் மெக்ரா அவரைப் பாதி ஆட்டங்களில்தான் இறக்கினார். முப்பதைத் தாண்டிய அந்த இடக்கை பேட்டரின் சராசரி 1922இல் .368, மறு ஆண்டு .339. பின்னாளில் யாங்கீஸ் மேலாளரானதும் தான் பட்டதையே பிறர்மீது செலுத்தினார். வலக்கை ஹாங்க் பாவரும் இடக்கை ஜீன் உட்லிங்கும் மாறி மாறி ஆடினார்கள். இருவருக்கும் அதில் மனத்தாங்கல். 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள் வந்ததும் அந்த அணிக்குத்தான்.

இந்த முறையின் பலம், முழு ஆட்டக்காரராக நிற்க முடியாதவருக்கும் ஒரு தொழிலை உண்டாக்கித் தருவது. ஏர்ல் வீவரின் பால்டிமோர் ஓரியோல்ஸில் லெஃப்ட் ஃபீல்டை ஜான் லோவன்ஸ்டைனும் கேரி ரோனிக்கியும் பங்கிட்டுக்கொண்டார்கள். 1982இல் இடக்கை லோவன்ஸ்டைன் 24 ஹோம் ரன்களும் வலக்கை ரோனிக்கி 21 ஹோம் ரன்களும் அடித்தார்கள். அப்போது 35 வயதான லோவன்ஸ்டைன், வேறு எந்த ஆண்டிலும் இருபதை எட்டாதவர். தினமும் ஆடவிட்டிருந்தால் இடக்கை பிட்சர்கள் அவருடைய சராசரியைத் தின்றிருப்பார்கள். நட்சத்திரம் ஒருவரை விலைக்கு வாங்க வசதியில்லாத அணிக்கு, மலிவான இருவரைச் சேர்த்து அந்த அளவு பலனைப் பெறுவது பெரிய லாபம்.

ஆனால் அந்த லாபம் இருவருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பெரிய லீக்குகளில் வலக்கை பிட்சர்களே மிகுதி என்பதால், 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் இடக்கை பேட்டருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்கள் கிடைத்துவிடும். வலக்கைக்காரர் நாள்கணக்கில் பெஞ்சில் காத்திருந்து, திடீரென்று ஒரு நாள் மணிக்கு 95 மைல் வேகப் பந்தைச் சந்திக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தும் கை விறைக்காமல் அடிப்பது தனித் திறமை. சம்பளப் பேச்சில் அதற்கு விலையே கிடையாது. மூன்று ஆண்டு சேவைக்குப் பிறகு சம்பளத் தகராறு நடுவரிடம் போனால், அங்கே எடை போடப்படுவது ஹோம் ரன்கள், ஆடிய ஆட்டங்கள் போன்ற மொத்தத் தொகைகள். பாதி நாள் ஆடியவரின் தொகைகள் சிறியவையாகத்தானே இருக்கும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு: இந்த முறை தனக்கான சான்றைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. இடக்கை பிட்சரை இவரால் அடிக்க முடியாது என்று இளம் பேட்டரை உட்கார வைக்கிறார்கள். உட்கார்ந்தே இருப்பதால் அவருக்குப் பழக்கம் வருவதில்லை. ஆண்டுக்கு ஐம்பது அறுபது வாய்ப்புகளில் வந்த எண்ணைக் காட்டி, முடிவு சரிதான் என்கிறார்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்தின் பங்கையும் திறமையின் பங்கையும் பிரிக்கவே முடியாது. டாட்ஜர்ஸின் ஜாக் பீடர்சன் 2019இல் அடித்த 36 ஹோம் ரன்களும் வலக்கை பிட்சர்களின் பந்துகளில் வந்தவை. தினமும் ஆட விரும்பி அவர் 2021இல் சிகாகோ கப்ஸுக்குப் போனார். பின்னர் அவருக்குப் பெரும்பணம் தந்த சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும் வலக்கை பிட்சர்களுக்கு எதிராகவே அவரைப் பயன்படுத்தியது. 2023க்கு அவர் ஏற்றுக்கொண்ட ஓராண்டுச் சம்பளம் 1 கோடியே 96.5 லட்சம் டாலர். பிளட்டூன் என்றாலே வறுமை என்பதற்கு அவர் மறுப்புதான். ஆனால் அந்த அளவுக்கு உயர்ந்தவர்கள் அரிது, உயர்ந்தவர்களிலும் இடக்கைக்காரர்களே அதிகம். முப்பதைக் கடந்தவருக்கு இம்முறை ஆயுள் நீட்டிப்பு. 23 வயதுக்காரருக்கு அது அவசரத் தீர்ப்பு.

கைக்கணக்கு என்பது சராசரிகளின் பேச்சு, தனி மனிதரின் ஜாதகம் அல்ல என்பதை 2013 வேர்ல்ட் சீரிஸின் நான்காவது ஆட்டம் காட்டியது. இடக்கை பிட்சர்களை அடிப்பதற்கென்றே பெயர்பெற்ற ஜானி கோம்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஷேன் விக்டரினோவுக்கு முதுகுவலி வந்ததால் கடைசி நேரத்தில் அணியில் நுழைந்தார். ஆறாவது இன்னிங்ஸில் 1-1 என்ற சமநிலை, இரண்டு பேர் பேஸில். எதிரணியான கார்டினல்ஸின் மேலாளர் கணக்குப்படியே வலக்கை பிட்சர் சேத் மேனஸை அழைத்தார். கோம்ஸ் அடித்தது மூன்று ரன் ஹோமர். 4-2 என வென்ற பாஸ்டன், தொடரையும் ஆறு ஆட்டங்களில் முடித்தது.

முழு அணியையும் இம்முறையில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கேப் கேப்லரின் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் இரண்டு விதமாகவும் பதில் சொல்கிறது. 2021இல் 107 வெற்றிகள், அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகம். கிட்டத்தட்ட அதே முறையில் ஆடிய மறு ஆண்டு 81 வெற்றி, 81 தோல்வி. பல பேட்டர்கள் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்த ஆண்டை முறையின் சாதனையாகவே எண்ணிவிடுவது எளிது.

2020 முதல், பிட்சர் ஒருவர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒரே பேட்டருக்காக இடக்கை பிட்சரை இறக்கிவிட்டு உடனே மாற்றும் வழக்கம் அதோடு குறைந்தது. 26 பேர் பட்டியலில் 13 பேர் பிட்சர்கள் என்றால், ஆடும் ஒன்பது பேர் போக பெஞ்சில் நால்வரே மிஞ்சுவார்கள்; அதில் ஒருவர் மாற்று கேட்சர். அதனால் இன்று வலக்கை பாதிக்கு ஆள் தேடும் அணிகள், அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, இரண்டு மூன்று இடங்களில் களம் காக்கவும் தெரிய வேண்டும் என்று கேட்கின்றன.