மண்ணும் நிலமும்

பா. இரஞ்சித் இயக்கி 2024ஆம் ஆண்டு வெளிவந்த 'தங்கலான்' திரைப்படத்தைப் பொன் தேடிய மக்களின் கதை என்பர். அதன் உயிர்நிலை பொன் அன்று, நிலம். வட ஆர்க்காட்டு உழவன் ஒருவன் தன் சிறு நிலத்தை நிலக்கிழாரிடம் பறிகொடுக்கிறான். அதை மீட்கவே வெள்ளைக்காரன் பின்னால் கோலார்ப் பக்கம் நடக்கிறான். நிலம் இழந்தவனே சுரங்கத்துக்கு ஆளாகக் கிடைத்தான் என்பதைத் தொடக்கத்திலேயே நிறுவியது இயக்குநரின் திறம்.

ஆயினும் 'இப்பொன் யாருக்குரியது?' என்னும் வினாவுக்குப் படம் பூர்விகத்தாலும் ஆவேசத்தாலும் விடை காண்கிறது. வரலாற்றில் விடை சொன்னது பத்திரம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் காலூன்றியது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் அங்கே பாறை உடைத்தனர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது, குடியிருந்த வீடு யாருடையது என்பதுகூட அவர்களுக்கு வழக்காயிற்று.

ஈப்போவில் இருந்து இப்படத்தைக் காண்பவனுக்கு நம் கிந்தாப் பள்ளத்தாக்கு நினைவுக்கு வராமல் இராது. இங்கே பொன்னுக்குப் பதில் ஈயம், வழக்கு ஒன்றே. கிந்தாவின் சுரங்கங்களைப் பற்றி 1885இல் எழுதிய அபிரகாம் ஹேல், ஏறத்தாழ 500 சுரங்கங்களில் மூன்றே ஐரோப்பியக் கம்பெனிகளுடையவை என்கிறார். சுமார் 350 சுரங்கங்கள், மலாய்க் குடும்பங்கள் தம் முன்னோர் தோண்டியவை என உரிமை கொண்டாடியவை. முப்பாட்டன் வெட்டிய குழி என்பதே அவர்கள் பட்டா. பத்தே ஆண்டுகளில், 1895இல், பேராக் சுரங்கச் சட்டம் வந்தது. 1913இல் பத்து காஜாவில் ஈயக் கப்பல் மிதந்தது. அக்கப்பலுக்குப் பரந்த நிலப்பரப்பு வேண்டும், பெருமுதல் வேண்டும். இவ்விரண்டும் கம்பெனிகளிடமே இருந்தன.

எஞ்சியவர்களுக்கு டூலாங் தட்டு மிஞ்சியது. ஓடையில் இடுப்பளவு நீரில் நின்று, கழிவு மணலை மரத்தட்டில் அலசி ஈயம் எடுத்தவர்கள் பெரும்பாலும் சீனப் பெண்கள். அவர்களுக்கு அரசு ஓர் அனுமதிச் சீட்டு தந்தது. அலசலாம் என்றது சீட்டு. நிலம் உனது என்று சொல்லவில்லை. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டமும் தனியே வழங்கப்படாத கனிமம் அனைத்தும் மாநில அரசுக்கே உரியது என்கிறது. மேலே நடப்பவனுக்கு ஓர் உரிமை, கீழே கிடப்பதற்கு வேறோர் உரிமையாளர்!

இதை நம் எழுத்தாளர் எழுதினாரா? ஈயக் குட்டைகள் நம் கதைகளில் சிறுவர் குளிக்கும் இடமாக, சில வேளைகளில் தற்கொலைக்கான இடமாக வருகின்றன. அவை எவ்வாறு உண்டாயின என்று கேட்பவர் அரியர்.

பால்மரத் தோட்டத்தைப் பற்றியோ ஏராளமாக எழுதினோம். அங்கும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நம் தோட்டக் கதைகள் 'மண்' என்னும் சொல்லை வாரி இறைக்கின்றன. 'நிலம்' என்பதை அரிதாகவே எழுதுகின்றன. மண் அழுவதற்கு உதவும். நிலம் அளக்கப்படுவது, விற்கப்படுவது, கிராண்டில் பெயர் ஏறுவது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்துக் குடும்பங்களைத் தெருவுக்கு அனுப்பியது விதியன்று, விற்பனைப் பத்திரம். நம் சிறுகதைகளிலோ அந்த நோட்டீஸ் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இடிபோல் விழுகிறது. வாசகன் கண்ணீர் விடுகிறான். விற்றவர் யார், வாங்கியவர் யார், தொழிலாளி ஏன் வாங்க இயலவில்லை என்னும் கேள்விகள் எழுமுன் கதை முடிந்துவிடுகிறது. கதை தொடங்க வேண்டிய இடம் அதுவன்றோ?

இக்கேள்வியை இலக்கியத்துக்கு முன்பே ஒரு கூட்டுறவுச் சங்கம் கேட்டது. பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி திரட்டி, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. பால்வெட்டுக் கூலியில் பத்து வெள்ளி என்பது எளிதன்று. அதைக் கட்டலாமா என்று லயத்து வாசலில் கணவனும் மனைவியும் எத்தனை இரவு வாதாடியிருப்பார்கள்! கட்டாதே என்ற மாமியார், கட்டிவிட்டு மறைத்த மகன், தகரப் பெட்டியில் மடித்து வைத்த ரசீது என அங்கே ஒரு நாவல் கிடக்கிறது. நான் படித்த அளவில் அதை எவரும் இன்னும் எழுதவில்லை.