ஆஸ்கி எதை அளக்கிறது?

மருத்துவ மாணவர்களைச் சோதிக்க ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975-ல் வகுத்துத் தந்த தேர்வுமுறை ஆஸ்கி. மணி அடிக்க அடிக்க மாணவர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை, ஒரு தேர்வாளர், ஒரு மதிப்பெண் தாள். தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கேற்ப மதிப்பெண் ஏறி இறங்கக் கூடாது என்பதுதான் நோக்கம். படிப்புக் காலத்தில் நடக்கும் பல சோதனைகளுள் ஒன்றாகப் பிறந்த இம்முறைக்கு இப்போது வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டன் 2014-லும், ஆஸ்திரேலியா 2020-லும், நியூசிலாந்து 2023-லும் வெளிநாட்டில் படித்த செவிலியரைப் பதிவேட்டில் சேர்ப்பதற்கான கடைசி வாசலாக இதை நிறுத்தின. எல்லோருக்கும் ஒரே அளவுகோல், சீக்கிரம் முடிகிறது, நோயாளிக்குப் பாதுகாப்பு என்று மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதல் இரண்டில் சண்டையில்லை.

பிரிட்டனின் நடைமுறை நன்கு தெரிந்ததுதான். ஆங்கிலத் தேர்வாக ஐஇஎல்டிஎஸ் எழுதினால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். அல்லது ஓஇடி எழுதலாம். பிறகு சிபிடி எனப்படும் கணினித் தேர்வு. அதைச் சென்னையிலிருந்தே எழுதிவிடலாம். அதன்பின் விசா, விமானம், ஏதோ ஓர் ஊரின் மருத்துவமனையில் வேலை. ஆஸ்கி அங்கே போய் இறங்கிய பின்தான். 2021 ஆகஸ்டுக்கு முன் ஆறாக இருந்த மேசைகள், அதாவது நிலையங்கள், இப்போது பத்து. முதல் நான்கும் ஒரு நோயாளியைச் சுற்றியவை: நிலையைக் கணித்தல், பராமரிப்புத் திட்டம் எழுதுதல், மருந்து கொடுத்தல், அடுத்தவரிடம் ஹேண்ட்ஓவர் சொல்லுதல். ஊசி போடுவது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது, சிறுநீர்க் குழாயை அகற்றுவது போன்ற செய்முறைகளுக்கு நான்கு. மீதி இரண்டும் எழுத்து.

இதற்கு முன்பிருந்த ஏற்பாடு பொற்காலம் ஒன்றுமில்லை. மேற்பார்வையில் வேலை செய்து பதிவு பெறும் 'அடாப்டேஷன்' காலத்தில் பல முதியோர் இல்லங்கள் செவிலியரிடமே பணம் வாங்கிக்கொண்டு அவர்களை மாதக்கணக்கில் உதவியாளராக ஓட்டின. கையெழுத்துப் போடும் அதிகாரம் முதலாளியின் பக்கத்தில் இருந்ததால் வாய் திறக்கவும் வழியில்லை. ஆஸ்கி அந்தப் பிடியை அறுத்தது. நோயாளியின் கைப்பட்டையைப் படிக்காமல், ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் மருந்தைக் கையில் எடுப்பவரை அது தேர விடுவதில்லை. இதுவும் நல்லதே. 2022-23-ல் பிரிட்டனின் பதிவேட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் படித்தவர்கள், அவர்களில் இந்தியரே அதிகம். இத்தனை பேரை ஆளுக்கொரு விதமாக மதிப்பிட முடியாது என்பதும் உண்மை.

ஆனால் அந்த அறைக்குள் உண்மையில் நடப்பது என்ன? கட்டிலில் ஒரு ரப்பர்ப் பொம்மை. தேர்வாளர் கையில் மதிப்பெண் தாளோடு சுவரோரம் நிற்கிறார். செவிலியர் திரையை இழுத்தபடி, 'உங்கள் தனிமைக்காகத் திரையை மூடுகிறேன்' என்று பொம்மையிடம் ஆங்கிலத்தில் சொல்கிறார். அதன் பெயரையும் பிறந்த தேதியையும் பொம்மையிடமே கேட்கிறார். கைகளை உயர்த்திக் காட்டி, 'கை கழுவுகிறேன்' என்கிறார். தண்ணீர் ஓடவில்லை. மதிப்பெண் தாளில் கை கழுவுதல் போன்ற பல வரிகளுக்கு, வாயால் சொன்னாலே ஏற்றுக்கொள்ளப்படும் என்று குறிப்பு இருக்கிறது. மருத்துவமனைத் தொற்றைத் தடுப்பதில் முதல் காரியமே கை கழுவுவதுதான். அதையே சொல் அளவில் ஏற்றுக்கொள்ளும் தேர்வு, அதைச் செய்யும் பழக்கம் ஒருவருக்கு உண்டா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கும்? இரவு டியூட்டியின் எட்டாவது மணி நேரத்தில், ஒரே சமயம் மூன்று படுக்கைகளிலிருந்து அழைப்பு மணி அடிக்கும்போது, குழாயடிக்குப் போகிறாரா இல்லையா என்பதல்லவா கேள்வி?

பத்து ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த கைக்கு இந்தப் பேச்சு வராது. வேலை தெரிந்த கை வாய் பேசாமல் ஓடும். நாடியைப் பிடிக்கும்போதே கண் மூச்சை எண்ணிவிடும், தோலின் நிறத்தையும் பார்த்துவிடும். ஆஸ்கியில் அப்படிப் பார்த்ததற்கு மதிப்பெண் கிடையாது. பார்க்கிறேன் என்று சொன்னதற்குத்தான். ஆகவே அனுபவசாலி தன் வேகத்தைக் குறைத்து, தெரிந்ததை உரக்க ஒப்பிக்கப் பழகுகிறார். நேற்று முடித்து வந்தவர் வசனத்தைச் சுத்தமாக மனப்பாடம் செய்தால் அவரை முந்திவிடலாம். மாதிரித் தேர்வுகளும் மதிப்பெண் வரிகளும் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. வெளிப்படைத்தன்மைக்கு அது அழகுதான். ஆனால் அதையே மூலதனமாக்கிக் கேரளத்திலும் சென்னையிலும் பயிற்சி மையங்கள் வளர்ந்துவிட்டன. அங்கே விற்பனையாவது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வசனத் தாள்.

இந்தப் பயிற்சியின் வழியாகத்தானே பிரிட்டிஷ் முறை பழகுகிறது என்பது தேர்வின் ஆதரவாளர்கள் தரும் பதில். நோயாளியின் நிலையை எண்ணால் குறிக்கும் நியூஸ்-2 அட்டவணையை நிரப்பவும், நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற எஸ்பார் வரிசையில் ஹேண்ட்ஓவர் சொல்லவும் பழகிவிடுகிறார்கள் என்பது மெய். ஆனால் இவை வார்டில் சில நாட்களில் ஒட்டிக்கொள்ளும் சங்கதிகள். இந்தியாவிலிருந்து போகிறவருக்குக் கடினமானவை வேறு. நம் மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சோறூட்டுவதும் உடம்பு துடைப்பதும் பெரும்பாலும் கூட இருக்கும் உறவினர் வேலை. அங்கே அது செவிலியரின் பொறுப்பு. மூத்த டாக்டர் எழுதிய டோஸ் தவறாகப் பட்டால், 'இதை நான் கொடுக்க மாட்டேன்' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். தன்னைவிட இருபது வயது மூத்த உள்ளூர் உதவியாளரிடம் வேலை சொல்லி வாங்க வேண்டும். சிகிச்சையே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கிழவரை வற்புறுத்தாமல் விட வேண்டும். ஆஸ்கியின் பொம்மை எதையும் மறுப்பதில்லை. நிலை கணிக்கும் நிலையத்தில் நோயாளியாக நடிக்க ஆளை அமர்த்துகிறார்கள். அவரும் எழுதிக் கொடுத்த குறிப்புக்குள்தான் வலியை உணர்கிறார்.

தன் சொந்தப் பிள்ளைகளைப் பிரிட்டன் எப்படி மதிப்பிடுகிறது என்று பார்த்தால் முரண் இன்னும் தெளிவாகும். அங்கே படிக்கும் செவிலிய மாணவருக்கு 2,300 மணி நேரம் வகுப்பு, 2,300 மணி நேரம் களப்பயிற்சி. வார்டில் உடனிருந்து கவனித்தவர்கள்தான் அவருடைய திறனுக்குச் சான்று தருகிறார்கள். பட்டம் பெற்ற பின் பதிவுக்கென்று தனி ஆஸ்கி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் படித்தவருக்கும் கிடையாது. அங்கே பெற்ற பொதுச் செவிலியர் தகுதியை நேராக ஏற்கும் ஏற்பாடு பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் தொடர்ந்தது. பொம்மைத் தேர்வு இல்லாமல் நோயாளியைக் காக்க முடியாது என்பது உண்மையானால், புக்கரெஸ்டில் படித்தவருக்கு அது ஏன் வேண்டாம்? மதுரையில் படித்தவருக்கு மட்டும் ஏன் வேண்டும்? பயிற்சியின் குறைந்தபட்ச அளவை ஐரோப்பியச் சட்டம் உறுதி செய்கிறது என்று விடை வரும். அப்படியானால் சிக்கல் இந்தியப் பாடத்திட்டத்தைப் பற்றிய ஐயத்தில் இருக்கிறது. அதைத் தீர்க்கப் பாடத்திட்டத்தைத்தான் ஆராய வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விரயம், இடைப்பட்ட வாரங்கள். வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் ஆஸ்கியை எழுத வேண்டும், எட்டு மாதத்துக்குள் பதிவு கிடைத்தாக வேண்டும் என்பது விசா விதி. அதுவரை அவர் பதிவு பெற்ற செவிலியருக்குக் கீழான 3 அல்லது 4-ஆம் பேண்ட் சம்பளத்தில் அதே வார்டில் நிற்கிறார். உயிருள்ள நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைக்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், மூச்சுத் திணறுபவரைக் கண்டால் ஓடிப்போய்ச் சொல்கிறார். பக்கத்திலேயே பதிவு பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள், வார்டு மேலாளர் இருக்கிறார். சாட்சிகள் சுற்றிலும் நிற்க, அவர்களில் ஒருவரின் வார்த்தைக்கும் பதிவில் எடையில்லை. டியூட்டி முடிந்ததும் அதே செவிலியர் மாடியில் ஒரு பயிற்சி அறைக்குப் போய், செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு பொம்மையிடம் பெயர் கேட்டுப் பழகுகிறார். அந்த ஒரு நாளில் பதற்றத்தில் இரண்டு வரி விட்டுப்போனால் முழுக் கட்டணமான 794 பவுண்டில் பாதியைக் கட்டி மீண்டும் எழுத வேண்டும். மூன்று முறையும் தவறினால் ஆறு மாதம் காத்திருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விசாக் கெடுவோ எட்டே மாதம்.

பழைய அடாப்டேஷனின் கெடுதல்களைக் காட்டி இந்த வாதத்தை மடக்கிவிட முடியாது. அங்கே கெட்டது மேற்பார்வை அல்ல; மேற்பார்ப்பவரும் முதலாளியும் ஒருவராக இருந்ததுதான். சம்பளத்தைக் குறைக்காமல், செவிலியரிடம் கட்டணம் வாங்காமல், வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் ஒருவரும் பார்த்துக் கையெழுத்திடும்படி வைத்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். பக்கத்து நாடான அயர்லாந்தில், கூடுதல் மதிப்பீடு தேவைப்படும் வெளிநாட்டுச் செவிலியருக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. டப்ளினில் நடக்கும் திறன் தேர்வை எழுதலாம். இல்லையென்றால் மருத்துவமனை ஒன்றில் 6 முதல் 12 வாரம் மேற்பார்வையில் வேலை செய்து மதிப்பீடு பெறலாம்.

ஆஸ்திரேலியா 2025-ல் கொண்டுவந்த விதி இன்னும் வெளிப்படையானது. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர், ஸ்பெயின், கனடாவின் இரு மாநிலங்கள் ஆகிய இடங்களில் 2017-க்குப் பிறகு பதிவு பெற்ற செவிலியராக 1,800 மணி நேரம் வேலை பார்த்திருந்தால், அதன் ஆஸ்கியை எழுத வேண்டியதில்லை. வார்டில் கழிந்த மணி நேரம் நம்பத்தக்க சான்று என்று, ஆஸ்கியை ஏற்ற நாடே ஒப்புக்கொண்டுவிட்டது. சென்னையின் வார்டுகளில் கழிந்த மணி நேரம் மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.