காஜியின் மூக்கில் ஓர் ஈ

மாவர்தீயைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. 1058இல் பாக்தாதில் மறைந்த அந்த ஷாஃபி அறிஞர், காஜிக்கு, அதாவது நீதிபதிக்கு, என்ன தகுதி வேண்டும், எந்த வழக்கு அவர் கைக்கு வரும் என்று வகுத்து வைத்த நேர்த்தியை யார் மறுப்பார்? ஆனால் அக்கால ஃபிக்ஹை, அதாவது இஸ்லாமியச் சட்டவியலைச் சொல்லிக்கொடுக்க எங்கே தொடங்குவது என்று கேட்டால், பஸ்ராவின் அரபு எழுத்தாளர் ஜாஹிஸின் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் வரும் ஈயிடம்தான் போவேன்.

பஸ்ராவின் காஜி அப்துல்லாஹ் இப்னு சவ்வார். சுப்ஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாய மாட்டார், கால் மாற்ற மாட்டார், தலை திருப்ப மாட்டார். பேச்சும் அளந்துதான். ஒருநாள் முன்னே இரு வரிசையாக ஆட்கள் அமர்ந்திருக்க, ஈ ஒன்று அவர் மூக்கில் வந்து உட்காருகிறது. பொறுக்கிறார். கண்ணோரத்துக்கு நகர்ந்து குத்துகிறது. இமையை மட்டும் மூடித் திறக்கிறார். போன ஈ திரும்பி வருகிறது. கடைசியில் கை எழுகிறது. அப்புறம் அங்கியின் கைநுனி வீசுகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள், பார்க்காதது போல. பிறகு காஜியே வாய் திறந்து, அல்லாஹ்வின் படைப்பில் இத்தனை அற்பமானது தன்னைத் தோற்கடித்துவிட்டதை ஒப்புக்கொள்கிறார்.

ஜாஹிஸின் கைவண்ணம் அந்த இமையில் இருக்கிறது. மூக்கிலிருந்து நேரே கைக்குத் தாவியிருந்தால் வெறும் துணுக்கு. ஜாஹிஸ் வாழ்ந்த அதே நூற்றாண்டில் ஹனஃபி அறிஞர் கஸ்ஸாஃப் காஜியின் ஒழுங்குமுறை பற்றித் தனி நூலே எழுதினார். கோபத்தில் தீர்ப்புச் சொல்லாதே, இரு தரப்பையும் சமமாக உட்கார வை, சமமாகப் பார் என்பதெல்லாம் அவ்வகை நூல்களின் பாலபாடம். பார்வையே சட்டத்துக்குள் வந்துவிட்டால் ஓர் இமையசைவுக்குக்கூட வழக்காடியவன் அர்த்தம் தேடுவான் அல்லவா? காஜி கல்லாய்ச் சமைந்திருந்த காரணம் எனக்கு விளங்கியது கஸ்ஸாஃபால் அல்ல, ஈயால்.

ஹரீரியின் ‘மகாமாத்’ கதைத் தொகுப்பைத் தூக்கிப் பிடிக்கும் நண்பர்கள் உண்டு. 1237இல் வாசிதீ ஓவியம் தீட்டிய பிரதியைப் பார்த்தவர்களுக்கு அந்த மயக்கம் தெளியாது. எனக்கென்னவோ அங்கே வரும் காஜிகள் கதைநாயகனான தந்திரக்காரன் அபூ ஸைதிடம் ஏமாறுவதற்கென்றே படைக்கப்பட்டவர்கள். இன்னொரு கதைத் தொகுப்பாளரான தனூகீயோ தானே காஜி. அவர் சொல்லும் கதைகளுக்குத் தலை வணங்குகிறேன். மாலத்தீவில் காஜியாக இருந்த பயணி இப்னு பதூதா, திருடனின் கையைத் துண்டிக்க உத்தரவிட்டதும் சபையிலேயே சிலர் மயங்கி விழுந்ததாக எழுதுகிறார். சட்டம் ஊருக்குள் நுழைந்து முட்டிக்கொள்ளும் இடம் அது. ஆனாலும் மனிதருக்குத் தன் கௌரவம் பெரிது. தன் மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பாரா, சந்தேகம்தான்.

ஈக் கதை கட்டியதாக இருக்கலாமே என்பார்கள். இருக்கட்டும். பஸ்ராக்காரர் ஒருவர் பஸ்ராவின் காஜியைப் பற்றி எழுதியது. சபை அமைந்திருந்த விதத்தைத் தப்பாகச் சொன்னால் அந்த ஊரார் சிரித்திருப்பார்கள்.

இப்போது பாடம் நடக்கும் அழகு வேறு. நான்கு மத்ஹபுகளுக்கு, அதாவது சட்டப் பள்ளிகளுக்கு, நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் கூடும், கூடாது. மாணவர் பரீட்சையில் தேறிவிடுகிறார். காஜி எங்கே உட்கார்ந்தார், அருகில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் விழிக்கிறார். இலக்கியத்துக்கெல்லாம் நேரமில்லை என்று பதில் வருகிறது. ஈக் கதை அரபு மூலத்தில் சில பக்கம்தான். தொழுகைக்கு முன் செய்யும் உளூவின் ஃபர்ளுகளை (கட்டாயக் கடமைகளை) வகுப்பு முழுக்க ஒப்பித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம்.