ஒரே ஒரு பெண் இருந்த அவை

முதல் பெண் முதல்வர், முதல் பெண் நீதிபதி, முதல் பெண் விமானி. இப்படித் தொடங்கும் வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்கும்போது நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. அவர் அங்கே போய்ச் சேர்ந்த நாளில் அந்த அறையில் வேறு எத்தனை பெண்கள் இருந்தார்கள்? கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பிரதேசத்தின் முதல் பெண் முதல்வர் ஈவா ஆரியாக்கின் அரசியல் வாழ்வை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம்.

நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று உருவானது. சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. விமானத்தில்தான் போக வேண்டும். மக்களில் பெரும்பான்மையினர் இனுயிட்டுகள். தங்கள் நிலத்தில் தங்கள் ஆட்சி வேண்டும் என்று பல ஆண்டுகள் பேச்சு நடத்தி அவர்கள் பெற்ற பிரதேசம் இது.

ஆரியாக் பிறந்தது ஆர்க்டிக் பே என்னும் சிற்றூரில். 1999இல் நுனாவுட்டின் முதல் மொழி ஆணையர் ஆனார். இணையத்துக்கு இனுக்டிடுட் மொழியில் ஒரு சொல் தேவைப்பட்டபோது அவர் முன்வைத்தது ‘இக்கியாக்கிவிக்’. அடுக்குகளின் ஊடாகப் பயணம் செய்தல் என்று பொருள். பழைய இனுயிட் பூசாரிகள் காலத்தையும் தூரத்தையும் கடந்து சென்று சேதி அறிந்து வருவதாக நம்பப்பட்டதைச் சுட்டும் சொல் அது. புதிய கருவிக்குத் தன் மரபிலிருந்தே பெயர் எடுக்கத் தெரிந்தவர் என்பதற்கு இது ஒன்றே போதும். 2008 அக்டோபர் தேர்தலில் இக்காலுயிட் கிழக்குத் தொகுதியில் வென்றார். அந்தப் பொதுத்தேர்தலில் வென்ற ஒரே பெண் அவர். அடுத்த மாதம் உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் அவரையே முதல்வராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வழக்கமான குறிப்புகள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு முடிந்துவிடும். நாம் இங்கிருந்து பதினொரு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

புதிய பிரதேசத்தின் அவை எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்த நுனாவுட் நடைமுறைப்படுத்தல் ஆணையம், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தேர்வாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். அவையில் சரிபாதி பெண்கள். 1997 மே 26 அன்று இது மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்கள் 39 சதவீதம். அவர்களில் 57 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள்.

இரு தரப்பும் மரபையே துணைக்கு அழைத்தன. வேட்டையாடும் ஆணும், அவன் அணியும் தோலாடையைத் தைக்கும் பெண்ணும் சேர்ந்தால்தான் பனிநிலத்தில் உயிர் தங்கும். ஆகவே ஆட்சியிலும் இருவரும் சமம் என்றனர் ஆதரித்தவர்கள். இருவருக்கும் தனித்தனி வேலை இருப்பதால் சட்டம் போட்டுச் சமன்செய்யத் தேவையில்லை என்றனர் மறுத்தவர்கள். மறுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்: அன்றைய வடமேற்குப் பிரதேச அரசின் அமைச்சர் மானிடோக் தாம்ப்சன். ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் உட்காருவது பெண்ணுக்கு மதிப்பல்ல, தகுதியால் வெல்ல வேண்டும் என்பது அவர் தரப்பு. அவரைத் துரோகி என்று தள்ளிவிடுவது எளிது. ‘உனக்குத் தகுதியால் கிடைக்கவில்லை’ என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தத் தன்மானம் புரியும். ஆனால் 1999இல் முதல் அவை கூடியபோது 19 உறுப்பினர்களில் பெண் ஒருவர்தான். அவர் மானிடோக் தாம்ப்சனே. 2004இல் இரண்டு பெண்கள். 2008இல் மறுபடியும் ஒன்று.

இந்தச் சரிவுக்கு அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. நுனாவுட் அவையில் கட்சிகள் இல்லை. எல்லாரும் சுயேச்சைகள். கட்சி இருந்தால், இத்தனை பெண்களை நிறுத்து என்று அதன் வாசலில் போய்ச் சண்டையாவது போடலாம். இங்கே ஒவ்வொரு பெண்ணும் தானே முடிவெடுத்து, தன் ஊர் முன்னால் தனியாக நிற்க வேண்டும். எனவே தொகுதியின் வடிவத்தை மாற்றுவதே பெண்கள் கையில் இருந்த பெரிய நெம்புகோல். அது 1997இல் போனது. அதே கட்சியில்லா முறைதான், உள்ளே வந்த ஒரே பெண்ணைச் சக உறுப்பினர்கள் தலைமைக்கு உயர்த்தவும் வழிவிட்டது. ஒருத்தியை உச்சியில் வைக்க முடிந்த அமைப்பால் பத்துப் பேரை வாசலில் விட முடியவில்லை. ஆரியாக்கின் வெற்றியை ‘இட ஒதுக்கீடு தேவையில்லை’ என்பதற்குச் சான்றாகக் காட்டுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அவர் ஆட்சியையும் குறைத்து எழுத வேண்டியதில்லை. பதவிக்கு வந்ததும், அரசு பத்தாண்டுகளில் என்ன செய்தது என்று ஊர் ஊராக மக்களிடம் கேட்டு மதிப்பெண் அட்டை ஒன்றைத் தயாரிக்க வைத்தார். 2009இல் வெளிவந்த அது அரசைக் கடுமையாகவே விமர்சித்தது. 2010இல் தற்கொலைத் தடுப்புத் திட்டமும் 2011இல் வறுமைக் குறைப்புத் திட்டமும் வந்தன. 2013இல் மீண்டும் முதல்வராக விரும்பவில்லை என்று அறிவித்துவிட்டு, மறுசீரமைக்கப்பட்ட ஒரு தொகுதியில் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். அந்தத் தேர்தலில் 22 இடங்களில் மூன்று பெண்கள் வென்றார்கள். 2017இல் ஆறு பேர். அவர் 2021இல் நுனாவுட்டின் ஆணையர் ஆனார். நம் ஆளுநர் பதவி போன்றது அது.

ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, ஆறு. தகுதி தானாகவே வழி திறக்கும் என்று நம்பிக் காத்திருந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் கணக்கு இது. பெண்களின் தகுதி 2004க்கும் 2008க்கும் இடையில் பாதியாகக் குறைந்துவிட்டதா என்ன? சரிபாதி அவை வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் ஒரு பெண் முதல்வர் தோற்றாலும் விலகினாலும் அவையில் பெண் குரல் நிற்குமா என்ற கவலையாவது இருந்திருக்காது. ஈவா ஆரியாக்கைக் கொண்டாடுவோம். அவர் பெயரை எழுதும் அதே பக்கத்தில் 1997 மே 26 என்ற தேதியையும் எழுதிவைப்போம்.