பேரினவாதத்தின் வர்க்க அடித்தளம்

புசல்லாவைக்கு அண்மையிலுள்ள கம்பளையில் எழுந்த பெரஹரா வழக்கு, 1915 மே மாதம் கண்டியில் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்புக் கலவரத்திற்கு முன்னோடியாயிற்று. அக்கலவரத்தை வெறும் மதவெறியெனக் கொள்வோர் அதன் வர்க்க அடித்தளத்தைக் காணத் தவறுகின்றனர். சிங்கள வணிகரின் போட்டி நலன்களையும் யுத்தகால விலையேற்றத்தையும் குமாரி ஜயவர்தன தமது ஆய்வுகளிற் சுட்டிக்காட்டியுள்ளார். ஆயினும், இதனைக் குட்டி முதலாளித்துவ இயக்கமென்று கூறி அமைதல் போதாது. 1912இல் வேலைநிறுத்தம் செய்த புகையிரதத் தொழிலாளரிற் சிலரும் 1915 கலவரத்திற் பங்குகொண்டமை மனங்கொளத்தக்கது. விலையேற்றத்தின் மூலகாரணம் கண்ணுக்குப் புலப்படாதபோது, கடைக்காரரே எதிரியாகத் தோன்றினார். திகனையில் 2018 மார்ச்சிலும் முஸ்லிம் கடைகள் எரிந்தன. உழைப்போரின் சினத்திற்கு உரிய இலக்கை இடதுசாரிகள் காட்டத் தவறுமிடத்து, பேரினவாதம் அயலவரையே இலக்காகக் காட்டிவிடுகிறது.