பிரித்தலும் பிரிவினையும்

பல ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல்லுக்குக் கிழக்கேயுள்ள ஒரு சிற்றூர்ச் சபையில் 2 கொரிந்தியர் 6:17-ஐ ஆதாரமாகக் கொண்டு, வேறுபிரிக்கப்பட்ட ஜீவியத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "நல்ல செய்தி, ஐயா. நாங்கள் பிரிந்துதான் இருக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில்கூட அந்தத் தெருவாரோடு கலப்பதில்லை" என்றார். பரிகாசமாக அன்று; மகிழ்ச்சியோடே சொன்னார்.

குற்றம் அவர்மேல் மட்டும் அன்று. நமது பழைய மொழிபெயர்ப்பில் 'பிரி' என்னும் வேர் பல பாரங்களைச் சுமக்கிறது. பர்னபாவையும் சவுலையும் ஊழியத்திற்கென்று ஒதுக்கியதும் பிரித்தலே (அப். 13:2), மேய்ப்பன் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பகுப்பதும் அதுவே (மத். 25:32). கிறிஸ்து தகர்த்த நடுச்சுவரோ பிரிவினை எனப்படுகிறது (எபே. 2:14, அங்கே மூலச்சொல் வேறு). இதற்காக மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவாரும் உண்டு. நான் அவர்களுள் ஒருவனல்லேன். ஏனெனில் சிக்கல் கிரேக்கத்திலேயே இருக்கிறது.

'அபோரிட்ஸோ' என்பது எல்லையிட்டு வேறாக்குதலைக் குறிக்கும் வினை. கலாத்தியர் நிருபத்தில் அது இருமுறை வருகிறது. 1:15-இல் தேவன் பவுலைத் தாயின் வயிற்றிலேயே பிரித்தெடுக்கிறார். 2:12-இல் பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரின் பந்தியை விட்டுப் பிரிகிறார். வினை ஒன்றே, திசை எதிரானது. பவுல் புறஜாதியாரிடம் அனுப்பப்படுவதற்காகவே பிரிக்கப்பட்டார். பேதுருவோ அவர்களுக்குப் பயந்தல்ல, எருசலேமிலிருந்து வந்த தம்மவருக்குப் பயந்தே பிரிந்தார். பரிசேயர் என்னும் பெயருக்கே 'பிரிந்தவர்' என்று பொருள் கூறுவர் அறிஞர் பலர். முன்பு பரிசேயனாயிருந்த பவுல்தான் இந்தப் பிரிதலைக் கண்டித்தார் என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

இன்னொன்று. இதே பேதுரு யோப்பாவில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் பல நாள் தங்கியிருந்தவர் (அப். 9:43). தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற நமது திண்டுக்கல் நகரில் இவ்வசனத்தைப் பிரசங்கபீடத்தில் நான் கேட்டது மிக அரிது.

பந்தியே இங்கும் சோதனைக்களமாயிற்று. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கியது. திண்டுக்கல் அதன் ஆரம்பகால நிலையங்களுள் ஒன்று. 1847-இல் அம்மிஷன், சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவைச் சபையார் உண்ணவேண்டும் என்றது, பலர் விலகினர். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை இந்நாட்டில் அத்தனை நேராக வாசித்தவர்கள் சிலரே. எனினும் பரீட்சையாக வைக்கப்பட்ட உணவு பந்தியாகுமா என்னும் ஐயம் எனக்கு உண்டு. உணவை ஒருவேளை உண்டுவிட்டு, பெண் கொடுப்பதிலும் பிரேதம் அடக்குவதிலும் பழைய எல்லையைக் காப்பது எளிது.

2 கொரிந்தியர் 6:17-இல் வருவதும் அதே வினைதான். ஆனால் 16-ஆம் வசனம் பேசுவது விக்கிரகங்களைப் பற்றி. மனிதரின் பிறப்பைப் பற்றியன்று. நான் அன்று 17-இல் தொடங்கினேன். இப்போது 14-லிருந்து வாசிக்கச் செய்து, கலாத்தியர் 2-ஐயும் உடன் வாசிக்கிறேன்.

அம்மூப்பர் சில ஆண்டுகளுக்குப் பின் மரித்தார். அவர்கள் தெருவாரின் தோட்டத்திலேயே அடக்கம்பண்ணினோம். அடக்க ஆராதனையை நடத்தியவன் நானே.