பிழையில் ஒரு ருசி

ஒரு படைப்பில் ஜனங்கள் அதிகமாகப் பேசுகிற இடம், படைத்தவன் வைக்காத இடமாக இருந்துவிட்டால் என்ன செய்வது? நாவலாசிரியர்களுக்கு இந்தச் சங்கடம் அபூர்வமாகத்தான் ஏற்படுகிறது. வீடியோ ஆட்டங்களைச் செய்கிறவர்களுக்கோ அது அன்றாட விஷயம். ஆட்டத்தில் தெரியாமல் நேர்ந்துவிட்ட பிசகைக் 'கிளிட்ச்' என்கிறார்கள். கதாநாயகன் சுவருக்குள் புகுந்துவிடுவான். இல்லாத ஊருக்குக் கதவு திறக்கும். ஆடுகிறவர்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். சில சமயம் கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் அதைவிட அதிகமாக அந்தப் பிசகுகளைத் தேடிக்கொண்டு வருஷக்கணக்கில் அலைகிறார்கள்.

இது பிறர் குற்றம் காணும் புத்தி, வேலையற்றவர்களின் விளையாட்டு என்று ஒதுக்குகிற ரசிகர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

'போக்கிமான்' என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1996-இல் ஜப்பானில் வெளியாகி, 1998-இல் அமெரிக்காவுக்குப் போயிற்று. கைக்கு அடக்கமான 'கேம் பாய்' பெட்டியில் ஆடுவது. காட்டிலும் நீரிலும் எதிர்ப்படுகிற விதவிதமான பிராணிகளைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். இதைக் கற்பனை செய்த சத்தோஷி தாஜிரி, சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்தச் சிறுவனின் ஆசை ஆட்டம் முழுவதும் தெரிகிறது.

ஆட்டத்தில் ஒரு கிழவர் வருகிறார். பிராணியைப் பிடிப்பது எப்படி என்று செய்து காட்டுகிறார். அந்த நேரத்துக்கு மட்டும், திரையில் ஆடுகிறவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கிழவர் பெயர் வரவேண்டும். ஆகவே ஆடுகிறவனுடைய பெயரை இயந்திரம் தன் ஞாபகத்தில் வேறோர் இடத்தில் ஒதுக்கி வைக்கிறது. ஒண்டுக் குடித்தனத்தில் விருந்தாளி வந்துவிட்டால் நம் படுக்கையை அடுத்த வீட்டுத் திண்ணையில் போட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி. கேம் பாயில் இடம் அவ்வளவு நெருக்கடி. திண்ணையாக வாய்த்ததோ, எந்தப் புல்வெளியில் எந்தப் பிராணி எதிர்ப்படும் என்ற ஜாபிதாவுக்கு உரிய இடம். கிழவர் முடித்ததும் பெயர் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அதன் பிரதி ஒன்று திண்ணையிலேயே கிடக்கிறது.

வேறு காட்டுக்குப் போனால் புது ஜாபிதா வந்து அதை அழித்துவிடும். கிழவரிடம் விடைபெற்று நேரே சின்னபார் தீவுக்குப் பறந்து, அதன் கிழக்குக் கரையை ஒட்டி நீரில் மேலும் கீழுமாகப் போனால் என்ன ஆகும்? அந்தக் கரைக்கென்று தனி ஜாபிதா எழுதப்படவில்லை. இயந்திரம் பழையதையே படிக்கிறது. அங்கே கிடப்பது ஆடுகிற பையனின் பெயர். அந்தப் பெயரின் எழுத்துக்களைப் பிராணிகள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, நீரிலிருந்து எதையாவது எழுப்பி நிறுத்துகிறது. சிலர் பெயருக்குத் தெரிந்த பிராணி வரும். சிலர் பெயருக்கு, 'மிஸ்ஸிங்நோ' என்ற பெயருடன், உருவமே இல்லாத ஒரு புள்ளிக்குவியல் வரும். பையில் ஆறாவதாக வைத்திருக்கும் சாமானின் எண்ணிக்கை திடீரென்று 128 கூடிவிடும்.

தன் பெயரே பூதமாக எதிரில் வந்து நிற்கிறது என்பது அந்தப் பையனுக்குத் தெரியாது. எந்த நாவலாசிரியனும் இந்தக் கற்பனையைத் திட்டமிட்டுச் செய்திருந்தால் நாம் அவனைப் பாராட்டியிருப்போம். இங்கே பாராட்ட ஆள் இல்லை.

விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு மரமும் ஒருவர் நட்டது. ரகசிய அறை ஒன்றைக் கண்டுபிடித்தால்கூட, அது அம்மா ஒளித்து வைத்த முறுக்குச் சம்புடம் மாதிரி; பிள்ளை எடுக்கட்டும் என்றே அவள் ஒளித்தாள். கிளிட்சை யாரும் ஒளித்து வைக்கவில்லை. செயற்கையான உலகத்தில் இயற்கையாக முளைத்த ஒரே பொருள் அது. ஆகையால் அதைக் காண்பவனுக்கு, யாரும் மிதிக்காத மண்ணை மிதித்த சந்தோஷம் கிடைக்கிறது. அதே ஆட்டத்தில், துறைமுகத்தருகே நிற்கும் லாரிக்கு அடியில் 'மியூ' என்ற அபூர்வப் பிராணி இருக்கிறது என்றும் பையன்கள் சொல்லிக்கொண்டார்கள். அது சுத்தப் பொய். எது பொய், எது நிஜம் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். கண்டுபிடிப்பு என்றால் அப்படித்தானே இருக்கவேண்டும்?

1980-இல் வந்த 'பாக்மேன்' ஆட்டத்துக்கு முடிவென்று ஒன்று எழுதப்படவில்லை. கட்டங்களை எண்ணும் எண்ணுக்கு 255-க்கு மேல் இடமில்லை. 256-ஆவது கட்டத்தில் திரையின் வலது பாதி சிதறிய எழுத்துக்களாக மாறி, மேலே போக வழியில்லாமல் போகிறது. கணக்குப் பிசகு எழுதிய முடிவு. மோசமான முடிவு என்று சொல்லமாட்டேன். நம்முடைய பல தொடர்கதைகளின் கல்யாணங்களைவிட மேல்.

பிழை மேல் இருக்கிற ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் காந்தியே சாட்சி. 1991-இல் வெளியான 'சிவிலைசேஷன்' ஆட்டத்தில் அவர் ஒரு நாட்டின் தலைவர். அவருடைய போர்வெறி எண் ஒன்றுதானாம். ஜனநாயகம் வந்ததும் அதிலிருந்து இரண்டைக் கழிக்க, எண் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் சுற்றிக்கொண்டு 255 ஆகிவிட்டதாம். அஹிம்சாமூர்த்தி அணுகுண்டு போட ஆரம்பித்தாராம். கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஆட்டத்தைச் செய்த சிட் மையர், 2020-இல் எழுதிய சுயசரிதையில், அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ வேடிக்கைக்காகக் காந்திக்கு அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அந்தக் கதையைக் கட்டியவர் யாரோ, கதை கட்டத் தெரிந்தவர். இருந்தாலும் அது நல்ல ஹாஸ்யம், கண்டுபிடிப்பு அல்ல.

வேண்டுமென்றே பிழை செய்கிற ஆட்டங்களும் இருக்கின்றன. 2002-இல் வந்த 'எடர்னல் டார்க்னஸ்' ஆட்டத்தில் டெலிவிஷன் அணைந்துவிட்டதுபோலவும், சேமித்ததெல்லாம் அழிந்துவிட்டதுபோலவும் பாசாங்கு செய்வார்கள். சாமர்த்தியந்தான். ஆனால் நாடகத்தில் ராஜா வசனத்தை மறந்துபோவதாக எழுதி வைப்பது ஒன்று. ராஜா நிஜமாகவே மறந்துபோவது வேறு. இரண்டாவதற்குத்தான் கொட்டகை நிமிர்ந்து உட்காரும்.

டாக்டர் வாட்ஸனுக்குக் குண்டு பட்டது தோளில் என்று ஷெர்லக் ஹோம்ஸின் முதல் நாவலில் எழுதிய கானன் டாயில், அடுத்த நாவலில் காலில் என்று எழுதினார். அதை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் வாதாடுகிறார்கள். பிடிக்காத புத்தகத்தில் யாரும் இப்படித் தேடுவதில்லை, மூடி வைத்துவிடுகிறார்கள். ஆட்டங்களிலும் இதே கதைதான். 1996-இல் வந்த 'சூப்பர் மரியோ 64'-இல், முறைப்படி ஆடினால் 70 நட்சத்திரமாவது சேர்த்தால்தான் கடைசிக் கதவு திறக்கும். மாடிப்படியில் பின்பக்கமாகத் தாவித் தாவி வேகத்தைப் பெருக்கிக்கொண்டு, மூடின கதவுகளை ஊடுருவிப் போய், ஒரு நட்சத்திரங்கூட இல்லாமல் முடிக்கிறார்கள். அந்தப் படியைச் செய்தவரைவிட அந்தப் படியை நன்றாகப் படித்தவர்கள் இவர்கள்.

இப்பொழுதெல்லாம் ஆட்டம் வெளியான சில நாட்களுக்குள் இன்டர்நெட் வழியாகவே திருத்தத்தை அனுப்பி, ஓட்டைகளை அடைத்துவிட முடிகிறது. நாலு பேர் போட்டியாக ஆடும் ஆட்டத்தில் அது நியாயம். ஒருவன் சுவருக்குள் ஒளிந்துகொண்டு சுட்டால் மற்றவன் என்ன செய்வான்? தனியாக ஆடுகிற ஆட்டத்திலும் அதே அவசரம் ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 1997-இல் ஜப்பானில் வந்த மரியோவின் திருத்தப் பதிப்பில் அந்தப் பின்தாவலை நிறுத்திவிட்டார்கள். 2020-இல் புது இயந்திரத்துக்காக மறுபடி வெளியிட்டபோதும் திருத்தின பதிப்பையே கொடுத்தார்கள். பின்தாவலை விரும்புகிறவர்கள் இன்னமும் 1996-ஆம் வருஷத்துப் பதிப்பைத்தான் தேடிப் போகிறார்கள்.